கூலிக்குப் போகாதவர்

முடிவெட்டுகிறவர் என்றால் வாய் ஓயாது பேசுவார் என்பார்கள். அவள் புருஷன் அதற்கு நேர்மாறு. வாடிக்கையாளர்கள் அவருக்கு ஊமையன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சபையில் பாட்டுக்குழுவில் சேர்ந்து பார்த்தார். ஒரே வாரத்தில் போதகரே தோளில் கை போட்டு, "தம்பி, நீங்க கீழே உட்கார்ந்து பாடுங்க, ஆண்டவருக்குக் கேட்கும்" என்று நயமாக இறக்கிவிட்டார்.

அதன் பிறகு ஒருநாள், கடை விடுமுறையில், கத்திரியும் சோப்பும் பிளேடு பாக்கெட்டும் எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரியின் காசநோய் வார்டுக்குக் கிளம்பினார்.

"தாடி வளர்ந்தா யாரும் செத்துப்போறதில்ல. நீங்க எதுக்கு அங்க?" என்று வாசலை மறித்தாள்.

"எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதானே. இதைத்தான் ஆண்டவருக்குக் கொடுக்க முடியும்."

ஆளுக்கொரு புது பிளேடு, மெதுவான கை. சவரம் முடிந்ததும் உதடு மட்டும் அசையும் ஒரு ஜெபம். இப்படிப் பல வருஷம் போனார். வீட்டுக்கு வந்ததும் அவள் அவரைக் கொல்லைப்பக்கமே நிறுத்தி, தலையில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுவாள். அவரும் முணுமுணுக்காமல் நனைவார்.

எவ்வளவு தண்ணீர் ஊற்றி என்ன? ஒரு மழைக்காலத்தில் இருமல் பிடித்தது. சளியில் ரத்தம் வந்தது. விஷயம் தெருவில் பரவியதும் கடைக்கு ஈ காக்கா வரவில்லை. சபையிலும் அவர்கள் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு ரத்தம் கொதித்தது.

"அவங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்குல்ல, விடு" என்றார் அவர்.

மாத்திரைக்கு நோய் கேட்கவில்லை. அதே வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். முகமூடி கட்டிக்கொண்டு தினமும் கஞ்சி கொண்டுபோனாள். விலா எலும்பு தெரிய அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்து, ஒருநாள் அடக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"ஊழியம் செஞ்சதுக்கு உங்க ஆண்டவர் கொடுத்த கூலி இதுதானா?"

அவர் நெடுநேரம் இருமினார். அப்புறம், "நான் கூலிக்குப் போகலையே" என்றார்.

அந்தப் பதில் அவளுக்கு ஆறுதலாக இல்லை. எரிச்சலாகத்தான் இருந்தது.

கடைசி வாரத்தில் தாடி அரிக்கிறது என்றார். அவரால் கையைத் தூக்க முடியவில்லை; சவரம் செய்ய வெளியிலிருந்து யாரும் வர மாட்டார்கள். அவளே பிளேடை எடுத்தாள். அதுவரை அதைத் தொட்டதுகூட இல்லை. இரண்டு இடத்தில் வெட்டிவிட்டாள். அவள் அழப்போனாள்.

"பரவாயில்ல, இந்தக் கஸ்டமர் எழுந்து ஓட மாட்டான்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன ஜோக்குகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் இதுதான் கடைசி.

அடக்கத்துக்குப் போதகரும் குழி வெட்டியவர்களும் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்காரரும்தான் வந்தார்கள். மழை தூறியது. பாட்டுக்குழுவிலிருந்து ஒருவரும் இல்லை. போதகர் தனியாகப் பாடினார்.

சாமான்களை எடுக்க வார்டுக்குப் போனாள். பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் எழுந்து உட்கார முயன்றார். தாடி முகமெல்லாம் சிக்குப் பிடித்துக் கிடந்தது.

"அண்ணி, படுத்த பிறகும் அண்ணன்தான் எங்களுக்கெல்லாம் சவரம் பண்ணிவிட்டார், தெரியுமா? என் முறை வர்றதுக்குள்ள கை விழுந்துபோச்சு."

அவளுக்குத் தெரியாது. தான் கொண்டுவந்த கஞ்சியின் தெம்பெல்லாம் எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது. செத்த மனுஷன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பையைத் தரையில் வைத்தாள். உள்ளேயிருந்து கத்திரியை எடுத்தாள்.

"வெட்டுப்பட்டா என்னைத் திட்டக் கூடாது" என்றாள்.

வெட்டுப்பட்டது. டிரைவர் திட்டவில்லை. எதிர்க்கட்டில்காரர் தன் தாடையைத் தடவிக் காட்டினார். அவருக்கும் செய்தாள். அடுத்த வாரமும் போனாள். யாருக்கும் ஜெபம் மட்டும் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு, ஆராதனையில் வந்து சாட்சி சொல்லும்படி போதகர் அழைத்தார்.

"வேண்டாம் ஐயா. எனக்கு இன்னும் கோபம் ஆறல."

"யார் மேலம்மா? அவர் மேலயா, ஆண்டவர் மேலயா?"

"ரெண்டு பேர் மேலயும்தான்" என்று சொல்லிவிட்டு, பிளேடு வாங்கக் கடைக்குப் போனாள்.