ஜோசஃபின் போட்ட சுவர்ப் பேப்பர்

ஆஸ்டின் டவுனில் பட்டாளத்து உடுப்பு தைக்கிற பட்டறையில் ஜோசஃபினுக்குக் காஜா எடுக்கிற வேலை. கான்வென்டில் ஆறாவது வரை படித்தவள் என்பதால், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இங்கிலீஷ் பேப்பரைத் தமிழில் படித்துச் சொல்வதும் அவள் வேலையாகிவிட்டது. 1943ஆம் வருஷம். அங்கே தைத்த முப்பது பெண்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து யாராவது சண்டைக்குப் போயிருந்தார்கள்.

"நம்ம படை திட்டப்படி வெற்றிகரமா பின்வாங்கியது. சேதம் லேசுதான்" என்று ஒருநாள் படித்தாள்.

"லேசுன்னா எத்தனை பேரு?" என்று கேட்டாள் பாமா. அவள் தம்பி சந்தானம் பர்மா எல்லையில் லாரி ஓட்டினான்.

"போடலக்கா."

"பேராவது?"

"அதுவும் இல்ல. ஜெனரல் டீ குடிச்சதைப் போட்டிருக்கான். குதிரைப் பந்தயம் முக்கால் பக்கம்."

பாமா சோற்றை மூடி வைத்துவிட்டாள். ஜோசஃபின் பேப்பரைக் கசக்கிப் போட்டாள். அவள் புருஷன் சில்வெஸ்டரும் எங்கோ பாலைவனத்தில் பட்டாளத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தான். பேப்பர் ஆசிரியருக்கு மூன்று கடிதம் எழுதிப் பார்த்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

"சுத்த பேஜாரு! நாளைக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்த லெட்டரைக் கொண்டாங்க. நாமளே பேப்பர் போடலாம்" என்றாள்.

மறுநாள் வந்த கடிதங்களில் இருந்த சேதிகளை, துணி வெட்ட அளவு வரைகிற பழுப்புத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். தலைப்புச் செய்தி: 'சந்தானம் பாம்புக்கறி தின்றான். கோழி மாதிரி இருந்ததாம்.' அதற்குக் கீழே: 'சில்வெஸ்டர் வைத்த ரசம். வெள்ளைக்கார சார்ஜன்ட் இரண்டாவது டம்ளர் கேட்டார். ஒட்டகம் அண்டாவைக் கவிழ்த்தது.' கடைசியில்: 'சேதம்: மதலைமுத்துவுக்கு முன்பல் ஒன்று. குண்டு இல்லை, பட்டாளத்து பிஸ்கட்.'

பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பாமா அன்று இரண்டு பேர் சாப்பாடு சாப்பிட்டாள்.

சத்தம் கேட்டு மேஸ்திரி பெர்னார்ட் ஓடிவந்தார். "ஏம்மா, யுத்த ரகசியம்! ஜெயில்ல போட்டுடுவாங்க! ஒட்டகம்னு எழுதினா எந்தத் தேசம்னு தெரிஞ்சிடாதா?"

கத்தரிக்கோலை எடுத்து ஒட்டகத்தை மட்டும் வெட்டி எடுத்தார். வெட்டும்போது பிஸ்கட் வரி கண்ணில் பட, மீசைக்குள்ளேயே சிரித்துவிட்டார்.

மூன்றாம் நாள் யாரும் இல்லாத சமயம் பார்த்து ஜோசஃபினிடம் வந்தார். "என் பையன் டெஸ்மண்ட் கப்பல்ல இருக்கான். எழுதியிருக்கான். இடம் இருக்குமா?"

அவள் படித்துப் பார்த்தாள். "நாலு நாள் வாந்தி எடுத்தேன், அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு இருக்கே சார்."

"அவ இங்க வரமாட்டா. போடு."

எல்லா நாளும் சிரிப்பாக இருக்கவில்லை. கூடத் தைக்கிற கேத்தரினின் மகன் ஓஸ்வால்ட் இறந்த தந்தி வந்தபோது, ஜோசஃபின் முழுத்தாளிலும் அவன் பெயரையும் அவனுக்கு நன்றாகப் பாட வரும் என்பதையும் மட்டும் எழுதினாள். இங்கிலீஷ் பேப்பரில் அந்த வாரமும் சேதம் லேசுதான். கேத்தரின் அந்தத் தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

இரண்டே மாதத்தில் பக்கத்தில் கூடாரம் தைக்கிற பட்டறைப் பெண்களும் படிக்க வந்தார்கள். "நம்ம ஹுடுகர சுத்தி எல்லம்மா?" எங்கள் பையன்கள் சேதி எங்கே என்று கன்னடத்தில் சண்டை பிடித்தார்கள். அவர்கள் வீட்டுப் பையன்கள் சேதிக்காக அவர்களில் ஒருத்தி ஜெயலக்ஷ்மி கன்னடத்தில் ஒரு பத்தி எழுத ஆரம்பித்தாள். சுவரில் இடம் போதவில்லை. பெர்னார்ட் தன் அறைக் கதவைக் காட்டி, "இதுலயும் ஒட்டிக்கோங்க. பசை மட்டும் கெட்டியா இருக்கட்டும்" என்றார்.