பூரி என் கையில் மட்டும்தான் சாப்பிடும்

அடுத்த வாரம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சில நாள் இருக்க வேண்டும். அந்த நாட்களில் என் நாய் பூரிக்குச் சோறு வைக்க எதிர்வீட்டுச் சுப்பம்மாக்கா ஒத்துக்கொண்டார். இன்று காலை ஒத்திகை.

அக்கா பால்சோற்றை வைத்தார். பூரி தட்டைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தது.

"ஏட்டி, ஒன் நாயி என்னைய களவாணியப் பாக்குத மாதிரில்லா பாக்குது!"

எங்கள் தெருவில் யாரோ கறியில் விஷம் வைத்து நாய்களைக் கொன்ற பிறகு, அடுத்தவர் கொடுத்தால் தின்னக் கூடாது என்று நான்தான் பழக்கினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து, "நீட்டிப் பாருங்க, தொடாது" என்று வேடிக்கையும் காட்டுவேன்.

"ஒன் நைட்டி ஒண்ணு எடு, நான் போட்டுட்டு வாரேன்" என்றார் அக்கா. போட்டுக்கொண்டும் வந்தார். பூரி வாலை ஆட்டியபடி ஓடி வந்து நைட்டியை முகர்ந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததும் வால் நின்றுவிட்டது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காதட்டி. நீ அங்கன படுத்துக் கெடக்கையில இது இங்கன பட்டினில்லா கெடக்கும்?"

கடைசியில் அக்காவின் கையில் சோற்றை வைத்து, அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு வாய் தின்றது. நான் கையை எடுத்ததும் நிறுத்திவிட்டது.

காப்பாற்றுவதாக நினைத்து, இந்தச் சங்கரன்கோவிலில் என்னை விட்டால் வேறு ஆளில்லாத நாயாக்கி வைத்திருக்கிறேன்.

பழக்கியதை மறக்கவைக்க யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள். சாயங்காலம் மறுபடி முயற்சி செய்ய வேண்டும் என்று, சுப்பம்மாக்கா இன்னும் என் நைட்டியில்தான் இருக்கிறார்.