வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து

எனக்கு வாய் நீளம். சுவிஸில் துன்னிலிருந்து பேர்ண் வரைக்கும் எந்தத் தமிழ் வீட்டில் என்ன நடந்தாலும் கஜலக்சுமிக்குத் தெரிந்திருக்கும் என்று சனம் பகிடி பண்ணும். அப்படிப்பட்ட என் கண்ணிலேயே மூன்று வருடமாக மண்ணைத் தூவியவர் ஜெயமலர் அக்கா. இதை எழுதச் சொன்னதும் அவர்தான். பெயரைப் போட்டே எழுதும் என்றார்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. துன்னில் ஆரே ஆற்றங்கரையில் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் வீடு. பிள்ளைகள் இல்லை. கணவர் இராஜேந்திரன் அண்ணை கனடாவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஒரு மாதம் கழித்துத் தொலைபேசி எடுத்து, இனி வரமாட்டேன் என்றாராம். பிறகு அந்த இலக்கமும் வேலை செய்யவில்லை. யாரோடு, எதற்கு என்று நான் கேட்கவில்லை. நம்புங்கள், நான்தான் கேட்கவில்லை.

அக்கா இதை ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. எங்கள் ஆட்கள் சப்பாத்தைக் கதவுக்கு வெளியேதான் கழற்றி வைப்போம். அதற்காக மாடிப்படியில் அயலவரோடு எத்தனை சண்டை பட்டிருக்கிறோம். அந்தப் பழக்கம் அக்காவுக்குக் கைகொடுத்தது. அண்ணை விட்டுப்போன கறுப்புச் சப்பாத்தைக் காலையில் உள்ளே எடுத்து வைப்பார், பின்னேரம் வெளியே வைப்பார். பார்க்கிறவர்களுக்கு அண்ணை வேலைக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். மழை நாளென்றால் குழாயில் பிடித்து நனைத்தும் வைப்பார்! கோயிலில் யாராவது விசாரித்தால், "அவருக்கு ஷிஃப்ட்" என்று ஒரே பதில்.

போன ஆடி மாதம் ஐந்து நாள் விடாத மழை. துன் ஏரி நிரம்பி, ஆறு கரையை மீறிவிட்டது. என் கணவர் தயாபரன் மின்வேலை செய்பவர், ஊர்த் தீயணைப்புப் படையிலும் இருக்கிறார். சனிக்கிழமை பின்னேரம் அழைப்பு வந்ததும் பாதிச் சாப்பாட்டில் எழும்பி ஓடினார். அவர் போய் நின்ற இடம் அக்காவின் கட்டடம்.

எல்லோரும் சாமான் அடுக்குகிற, உடுப்புத் தோய்க்கிற கெல்லர் என்கிற நிலக்கீழ் அறைக்குள் இடுப்பளவு தண்ணீர். ஆட்களைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஒவ்வொருவராக எண்ணியிருக்கிறார்கள். அப்போது மேல்வீட்டு ஃபிரௌ கெர்பர், எண்பது வயது மனுசி, படையின் பொறுப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஜெயமலரின் கணவர் இன்னும் வரவில்லை. சப்பாத்து வாசலில் இருக்கிறது, ஈரமாகவும் இருக்கிறது. இப்போதுதான் வந்திருக்கிறார். கெல்லருக்குத்தான் இறங்கியிருப்பார்" என்று அழாத குறையாகச் சொன்னாராம். பாவம், அந்த அன்புதான் எல்லாவற்றையும் குழப்பியது. வீட்டுக்குள் தேடினார்கள், ஆள் இல்லை. கீழே இறங்கச் சொல்லி உத்தரவு வந்தது. மின்சாரம் இன்னும் முழுதாகத் துண்டிக்கப்படவில்லை. என் மனுசன் இடுப்பில் கயிறு கட்டத் தொடங்கினார்.

அக்கா அப்போதுதான் அவரை அடையாளம் கண்டார். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, கஜலக்சுமியின் புருசன்!

"அண்ணை கீழையோ அக்கா?"

"இல்லை, தம்பி. அவர் வேலைக்குப் போட்டார்."

"அப்ப ஒருக்கா ஃபோன் அடியுங்கோ. குரல் கேட்டால் காணும், நாங்கள் இறங்கத் தேவையில்லை."

அக்கா கைத்தொலைபேசியை எடுத்தார். அழைக்க ஓர் இலக்கம் இல்லை. மழையில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். தயாபரன் இரண்டு படி இறங்கிவிட்டார்.

"தம்பி, இறங்காதேங்கோ! அவர் இல்லை. மூண்டு வருசமாய் இல்லை. என்னை விட்டிட்டுப் போட்டார்."

தயாபரன் படியில் நின்று ஒருமுறை அக்காவைப் பார்த்தார். பிறகு மேலே வந்து, கீழே ஒருவரும் இல்லை என்று பொறுப்பாளரிடம் ஜெர்மனில் சொன்னார். "பயப்பிடாதேங்கோ அக்கா" என்று தன் ஜக்கெற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார்.

"அண்டைக்கு எனக்குத் தண்ணியிலை பயமில்லை கஜா. உம்மிலைதான் பயம்" என்று அக்கா பின்னாளில் என்னிடம் சொன்னார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

மூன்று கிழமை அக்கா கோயில் பக்கமே வரவில்லை. ஊர் முழுக்கக் கதை பரவியிருக்கும், சனம் ஆளுக்கொரு பார்வை பார்க்கும் என்று வீட்டுக்குள் கிடந்திருக்கிறார். நாலாவது வெள்ளிக்கிழமை, பட்டது படட்டும் என்று பேர்ண் ஐரோப்பா பிளாட்ஸ் கோயிலுக்கு வந்தார். நான் வழமைபோலப் பாய்ந்து போனேன்.

"என்ன அக்கா, கனநாளாய்க் காணேல்லை? அண்ணை சுகமோ? இன்னும் ஷிஃப்ட்தானோ?"

அக்கா என் முகத்தையே பார்த்தார். "தயாபரன் உமக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னத்தை?"

என் மனுசன் மூச்சு விடவில்லை என்பது அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று வருடப் பொய் ஒரு கீறலும் விழாமல் அப்படியே இருந்தது. "ஓம், ஷிஃப்ட்" என்று சொன்னால் போதும், நானும் நம்பிக்கொண்டு போயிருப்பேன்.

"அவர் போட்டார் கஜா" என்றார் அக்கா. "மூண்டு வருசம்."

மண்டபத்து மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார், நனைத்த சப்பாத்துக் கதை உட்பட. முதலில் தயாபரன் மேல் கோபம் வந்தது, என்னிடமே மறைத்தாரே என்று. பிறகு, மறைத்ததற்குக் காரணம் நான்தானே என்று வெட்கம் வந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அப்ப மூண்டு வருசமாய்த் தனியவோ அக்கா சாப்பிட்டனீங்கள்?"

"எனக்கு மீன் பிடிக்காது கஜா. அவருக்குத்தான் விருப்பம். மணம் வராட்டில் சனம் யோசிக்கும் எண்டு கிழமைக்கு ரெண்டு தரம் மீன் காய்ச்சினனான். காய்ச்சினா எறியேலுமே? அதையே சாப்பிட்டன்."

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். அன்றைக்கு அக்காவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். கதவைத் திறந்த தயாபரன் ஒன்றும் கேட்காமல் இன்னொரு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து மேசையில் வைத்தார். சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும். அக்கா மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார்.