அடைக்கூடைக்கு இரும்புக் காவல்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பிரஸ் மெஷின் 'திடும்' என்று இறங்கும்போதெல்லாம், ஐம்பதை நெருங்கும் இந்த வயதிலும், அம்மாவின் அடைக்கூடையை நினைத்துப் பதறிவிட்டு, அப்புறம் எரிச்சலாகிறேன்.

1991இல் எங்கள் வீட்டு மூலையில், தவிட்டின்மேல் முட்டைகளை அடுக்கி, இடிச்சத்தத்தில் அவை கெட்டுப்போகாமலிருக்க ஓர் இரும்பு ஆணியும் கரித்துண்டும் செருகி, அம்மா கோழியை அடைக்கு வைத்திருந்தாள். இடி வரவில்லை, பக்கத்துக் கல்குவாரியில் வெடிதான் வைத்தார்கள். வீடே குலுங்கினாலும் கோழி அசையாது. நான்தான் பூட்டு, கரண்டி, சைக்கிள் மணி என்று கண்ட இரும்பையெல்லாம் கூடைக்குள் திணிக்க ஓடுவேன்.

"கோழிக்கு எடம் வுடுடா, கஸ்மாலம்!" என்று கத்திய அம்மா, கடைசியில் கோழியோடு கூடையைத் தூக்கிப்போய்க் குவாரிக்காரர் மேஜைமேல் வைத்தாள்.

"இப்ப வையி வெடி! முட்ட கூமுட்டையா பூட்டா, உன்னத்தான் அடைக்கு ஒக்கார வெப்பேன்!"

கூடையை நகர்த்தக் கை நீட்டியவரைக் கோழி கொத்தியது. குஞ்சுகள் ஓட்டை உடைத்து வெளியே வரும்வரை வெடிச்சத்தமே இல்லை.

எங்கள் வீடு இருந்த இடத்தில்தான் இப்போது இந்த பிரஸ் நிற்கிறது. சுற்றிலும் இத்தனை இரும்பு. அடை வைக்க ஒரு கூடை அளவு இடம் விட்டார்களா, பாவிகள்?