வடிவுக்கு இன்னொரு பெயர்

அம்மாக்கண்ணுவின் மகள் வடிவுக்கு ஆறு வயதாகியும் தமிழில் ஒரு சொல் வரவில்லை. ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். வாய் ஓயாமல் பேசுவாள், அவளாகவே உண்டாக்கிக்கொண்ட ஒரு பாஷையில். இலங்கை மலையகத்தில், டயகமவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருந்த லயத்தில், அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவள் பேசுவது முழுக்க எனக்குக் கேட்கும்.

நாங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் மற்றப் பிள்ளைகள் அவளைக் கண்டு ஒதுங்கின. பேய்ப் பாஷை என்றார்கள். அப்பன் கந்தப்பன் கோடாங்கியை அழைத்து வேப்பிலை அடித்துப் பார்த்தான். அம்மாக்கண்ணு வேறு முடிவு எடுத்தாள்.

"அது நம்ம பேச்சுக்கு வரலன்னா நான் அது பேச்சுக்குப் போறேங்க்கா. பெத்த புள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பேசாமலே நான் சாகணுமா?" என்றாள் என்னிடம்.

கொழுந்து எடுத்து வந்த களைப்போடு அடுப்படியில் பாடம் நடக்கும். தண்ணீருக்கு 'லும்மி'. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே அதைச் சொல்ல வேண்டும். வெளியே விட்டுச் சொன்னால் பிள்ளை பயந்து காதைப் பொத்திக்கொள்ளும். நெருப்புக்கு 'தெக்கே', உதடு அசையக் கூடாது. தவறினால் வடிவு தாயின் வாய்க்குள் விரலை விட்டு நாக்கை அமுக்கிச் சரிசெய்வாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். ஒரு நாள் அந்தச் சிரிப்பு நின்றது. திருத்துவதற்கு முன், பிள்ளை வெறும் மூலையைப் பார்த்துத் திரும்பி, யாரோ சொல்வதைக் கேட்டுக்கொள்வது போலத் தலையாட்டினாள்.

வடிவு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர். அவள் தனக்கே வைத்துக்கொண்ட பெயர் 'ஙுவே'. மூக்குக்குப் பின்னாலிருந்து வர வேண்டிய சத்தம் அது. அம்மாக்கண்ணுவுக்கு எவ்வளவு முயன்றும் 'நுவே' என்றுதான் வந்தது.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஒரு பிற்பகல், நாங்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மலைக்கு, பிள்ளைக்காம்பராவில் வடிவைக் காணோம் என்று ஆள் ஓடிவந்தது. மலை முழுக்கப் பனிமூட்டம். பக்கத்துத் தேயிலை நிரையில் நிற்பவள்கூடத் தெரியவில்லை. மூட்டத்தில் நாங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். கூடையைத் தட்டுவோம், 'ஊ' கொடுப்போம். பெயரைச் சொன்னால் வேறு எதுவாவது கேட்டு வைத்துக்கொள்ளும் என்று பயம். அதனால் அம்மாக்கண்ணு வடிவு என்ற பெயரை விட்டுவிட்டு, பிள்ளையின் பாஷையிலேயே கூப்பிட்டாள்.

"நுவே!"

கீழே பள்ளத்திலிருந்து பதில் வந்தது. "ஙுவே." பொறுமையாகத் திருத்திச் சொல்கிற குரல். நானும் கேட்டேன். அவள் மறுபடி கூப்பிட்டாள். அது மறுபடி திருத்தியது, இன்னும் கீழேயிருந்து. அந்தப் பக்கம் செங்குத்துப் பாறை. பிள்ளை பாறை விளிம்புக்குப் போய்விட்டாள் என்றே அம்மாக்கண்ணு நினைத்தாள். வழக்கத்தை மறந்து அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"வடிவு!"

"அம்மா" என்றது ஒரு குரல், எங்கள் முதுகுக்குப் பின்னால், மேட்டிலிருந்து. தேயிலைச் செடிகளை விலக்கிக்கொண்டு வடிவு வந்தாள். "அம்மா, பசிக்குது." சுத்தமான தமிழ். பள்ளத்திலிருந்து இன்னும் ஒரு முறை "ஙுவே" கேட்டது.

லயமே கூடி முனியாண்டிக்குச் சேவல் அறுத்தது. கந்தப்பன் சந்தோஷத்தில் அழுதான். அம்மாக்கண்ணு பிள்ளையின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளிழுத்து, "லும்மி" என்றாள்.

"என்னம்மா சொல்ற?" என்றாள் வடிவு.

அதன்பின் வடிவு பள்ளிக்கூடம் போனாள், எல்லாப் பிள்ளைகளையும் போல வளர்ந்தாள். அம்மாக்கண்ணு அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் மூட்டம் இறங்கும் நாட்களில், கங்காணி ஏசினாலும், பள்ளத்தோர நிரைதான் வேண்டும் என்பாள். கொழுந்து கிள்ளியபடியே அந்தப் பழைய பாஷையில் மெதுவாகப் பேசுவாள். அந்தப் பேச்சில் பாதி அவள் குரல் இல்லை.

அறுபத்து மூன்றில் கந்தப்பனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது, குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்விட முடிவானது. கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயிலேற வேண்டிய காலையில் அம்மாக்கண்ணு லயத்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கெஞ்சினோம், திட்டினோம். வடிவு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாக்கண்ணு மகளின் கண்ணைத் துடைத்து, முத்தமிட்டு, அப்பன் கையில் பிடித்துக் கொடுத்தாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பெத்த புள்ளைய அனுப்பிட்டு இங்க என்னடி செய்யப் போற?"

"அதுக்கு அவங்க அப்பா இருக்காருக்கா," என்றாள். "கீழ பள்ளத்துல இருக்கே, அதுக்கு யாரு இருக்கா?"