சிவப்பு மை கொடுத்த ஓலம்

அச்சகத்துக்கு மேல் மாடியில் இருந்த அகராதி அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சிவப்பு மைகிட்ட குடு", "சிவப்பு மை பார்த்தாச்சா?" என்றுதான் பேச்சு. பிழை திருத்துபவள். வயது ஐம்பத்திரண்டு. ஒரு பக்கத்தில் பிழையே இல்லை என்றால் அன்று முழுக்க அவளுக்கு மூஞ்சி சரியாக இருக்காது. பிழை இருந்தால் மட்டும் நன்றாக இருக்குமா என்று கேட்காதீர்கள். அப்போதும் அதே மூஞ்சிதான்.

அவள் தொழிலில் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓரத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும்: திருத்தியவர் ஒருவர், படித்துச் சரிபார்த்தவர் ஒருவர். ஒரு கை மட்டும் போட்ட திருத்தத்தை அச்சகத்தில் தொட மாட்டார்கள். இரண்டாவது சட்டம், சொல்லில் சந்தேகம் வந்தால் அகராதி சொல்வதே முடிவு. தன் மனசுக்குப் பட்டதை வைத்துத் திருத்தக் கூடாது. இருபத்தைந்து வருஷத்தில் சிவப்பு மை இந்த இரண்டையும் மீறியதே இல்லை. அதனால்தான் அவள் வீட்டு அலமாரியில் ஒரு தகர டப்பாவுக்குள் இருந்த நாலு பக்க அறிக்கையை அவளால் இத்தனை காலமாகத் திருத்த முடியவில்லை.

அந்த அறிக்கையின் கதை இது. பத்தொன்பது வயதில் அவள் நூல் ஆலையில் வேலை பார்த்தாள். அக்காவும் அங்கேதான். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின். உள்ளே போன முதல் நாளே காது செத்துவிடும், அவ்வளவு இரைச்சல். "நிறுத்து" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் எதிரில் நிற்பவளுக்கு வாய் அசைவதுதான் தெரியும். அந்த இரைச்சலை மீறிப் போகிற சத்தம் ஒன்றே ஒன்று. அடிவயிற்றிலிருந்து எடுத்து, மூச்சு தீரும்வரை நீட்டுகிற "ஓ". யாருக்காவது ஆபத்து என்றால் பக்கத்தில் இருப்பவள் அதைக் கொடுப்பாள். காதில் விழுந்த அடுத்தவள் என்ன ஏது என்று கேட்காமல் அதை வாங்கித் தானும் கொடுக்க வேண்டும். அவளுக்கு அடுத்தவளும் அப்படியே. வரிசை வரிசையாகப் போய்க் கடைசியில் பெரிய பெல்ட்டை ஓட்டுகிறவர் காதில் விழும். அவர் நிறுத்துவார். ஆலைப் பெண்கள் அதை "ஓலம் குடுக்கிறது" என்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவளுக்கு அறுந்த நூலை முடியக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் கற்றுக்கொடுப்பார்கள்.

ஒரு நாள் அக்காவின் சட்டைக் கை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. இழுத்த வேகத்தில் கையும் உள்ளே போயிற்று. இளையவள் ஓலம் கொடுத்தாள். பதினொரு வரிசை அதை வாங்கிக் கொடுத்தது. பெல்ட் நின்றது. உயிர் மிஞ்சியது, வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. ஆனால் அவசரத்துக்கு நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று பத்தே அடி தூரத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். அவர் அதைத் தொடவில்லை. அவர் மட்டும் கை நீட்டியிருந்தால் அக்காவின் கை பிழைத்திருக்கும்.

விசாரணை நடந்தது. "ஏதோ வீட்டுப் பிரச்சினை, பொம்பளைங்க அழுதுட்டு இருக்காங்கன்னு நினைச்சேன் சார்" என்றார் சூப்பர்வைசர். அதையே அழகான தமிழில் அச்சடித்துக் கொடுத்தார்கள். "காயமடைந்தவரின் தங்கை உரிய நேரத்தில் உதவிக்கு யாரையும் அழைக்காமல் ஓலமிட்டு அழுதபடி நின்றார். இத்தாமதமே இழப்புக்குக் காரணம்." பெல்ட்டை ஓட்டியவர், பெல்ட் நின்றதற்கான காரணத்தை அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்திருந்தார். விசாரணைக்குப் போனபோது அந்தப் பக்கம் மட்டும் நோட்டில் இல்லை. ஆக, காகிதத்தின்படி அக்காவின் கையைத் தின்றது பெல்ட்டும் இல்லை, சூப்பர்வைசரும் இல்லை. வாய் பிளந்து அழுதுகொண்டு நின்ற தங்கைதான்.

ஆலை அவளை வீட்டுக்கு அனுப்பியது. அவள் அச்சகத்தில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தாள், எழுத்துக் கோர்த்தாள், பிறகு திருத்த உட்கார்ந்தாள். ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களிடம், "ஒரு வார்த்தை தப்பா விழுந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்" என்பாள். அதற்கு மேல் சொல்ல மாட்டாள். கையில் கிடைத்த அகராதிகளில் எல்லாம் ஓலத்தைத் தேடிப் பார்த்திருக்கிறாள். அழுகை, அழுகை, அழுகை. கூப்பிடுகிற குரல் என்று ஓரிரண்டில் இருந்தாலும் பக்கத்திலேயே "பழைய வழக்கு" என்று ஒரு குறிப்பு ஒட்டியிருக்கும்.

அலுவலகத்தில் தயாராகி வந்த புது அகராதியின் 'ஓ' வரிசை அவள் மேஜைக்கு வந்து சேர்ந்தது ஒரு காலை நேரத்தில். மதியம் மெஷினில் ஏற வேண்டும். அவள் பேனாவை மூடாமலே படித்தாள்.

"ஓலம்: 'ஓ' என்னும் ஒலியின் அடியாகப் பிறந்தது. 1. பேரொலி. 2. உரத்த அழுகை. 3. காக்கும்படி பிறரைக் கூவி அழைக்கும் குரல் (வழக்கொழிந்தது)."

மூன்றாவதின் பக்கத்தில் இருந்த அந்த அடைப்புக்குறியைப் பார்த்ததும் அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு நேராகப் பதிப்பாசிரியரின் அறைக்குப் போனாள். நல்ல மனிதர்தான். ஆனால் சொற்களுக்குச் சான்று எழுதி வைத்த ஒரு சீட்டுக் கட்டு அவர் முன்னால் இருந்தால் அதற்குப் பின்னால் உலகம் இருப்பது அவருக்கு ஞாபகம் வராது.

"சார், இந்த வழக்கொழிந்ததை எடுக்கணும்."

"எழுத்துப் பிழையா?"

"பொருள் பிழை."

"எழுத்து உங்க வேலை. பொருள் என் வேலை. அந்த அர்த்தம் பழைய பாட்டுல நிறைய இருக்கு. இப்ப யாரு சொல்றாங்க?"

"நான் சொல்லுவேன். ஆலையில நானூறு பேர் சொன்னோம்."

"வாயால சொன்னது கணக்கில்ல. எழுதி வச்ச சாட்சி வேணும். தேதி போட்டு, சமீபத்துல எழுதினது, மூணு சீட்டு. உங்களுக்குத் தெரியாததா? நீங்கதான் மத்தவங்களுக்கு இதைப் பாடமா ஒப்பிக்கிறீங்க."

அது உண்மை. அவளுக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது. "எழுதி வச்சிருந்தாங்க சார். பக்கத்தைக் கிழிச்சுட்டாங்க. கிழிச்சவன் எழுதினது அச்சுல இருக்கு. அதைச் சாட்சின்னு எடுத்துக்கிட்டா இந்த வார்த்தை செத்ததாத்தான் தெரியும்" என்றாள்.

"எனக்குப் புரியுது. ஆனா விதி விதிதான். அழுகைக்கு இருபது சீட்டு இருக்கு. உங்க கூப்பாட்டுக்கு ஒண்ணும் இல்ல."

"அழுறது தனக்காக சார். ஓலம் அடுத்தவனுக்காக. அது ரெண்டும் ஒண்ணு இல்ல."

"அழகா இருக்கு. சீட்டு எங்கே?" என்று கேட்டுவிட்டு அவர் குனிந்துகொண்டார்.

கீழே மெஷின் கட்டடமே அதிர ஓடிக்கொண்டிருந்தது. அறைக் கதவைத் திறந்து வெளியே போனாள். மாடிப்படியின் மேல் படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்து மூன்று வருஷமாக உபயோகிக்காத மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்து ஓலம் கொடுத்தாள்.

முதலில் பைண்டிங் பகுதியிலிருந்து ஒரு பெண் குரல் அதே "ஓ"வைத் திருப்பிக் கொடுத்தது. யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. மெஷின் நின்றது. படிகளில் தடதடவென்று கால்கள். மணல் வாளியோடு மெஷின்காரர், கத்திரிக்கோலை இன்னும் விரலில் மாட்டியபடி பைண்டிங் பெண், அவர்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். அவர்கள் எல்லோருக்கும் முன்னால், செருப்பு ஒன்று அறையிலும் ஒன்று காலிலுமாக, முதலுதவிப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பதிப்பாசிரியர் வந்து நின்றார்.

"எங்க அடி? யாருக்கு?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"யாருக்கும் இல்ல சார். நீங்க ஏன் எழுந்து வந்தீங்க?"

"ஏன்னா... கூப்பிட்டீங்களே!"

"நான் அழுறேன்னு நினைச்சிருந்தா கைக்குட்டையோட வந்திருப்பீங்க. பெட்டியோட வந்திருக்கீங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு செருப்பில்லாத தன் காலைப் பார்த்தார்.

மெஷின்காரருக்குக் கோபம். "என்னம்மா விளையாட்டு இது? உயிரே போயிடுச்சு. இனி மெஷின் ஏன் நின்னுச்சுன்னு நான் நோட்டுல எழுதணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். சிவப்பு மை அவர் பின்னாலேயே இறங்கினாள். பதிப்பாசிரியரும் நொண்டிக்கொண்டு இறங்கினார். மெஷின் பக்கத்தில் ஆணியில் தொங்கிய நோட்டில் மெஷின்காரர் எழுதினார். அவருக்கு அகராதியும் தெரியாது, மாடியில் நடந்த சண்டையும் தெரியாது. தேதி, நேரம், அதன் எதிரே: "மாடியில் ஓலம் கேட்டது. உதவிக்குப் போக நிறுத்தினேன்."

பதிப்பாசிரியர் அதை இரண்டு முறை படித்தார். "எழுதினதுதான். தேதியும் இருக்கு. ஆனா இது ஒண்ணுதான். மூணு வேணும்" என்றார், குரலில் பழைய வீறாப்பு இல்லை.

"அதுக்கென்ன சார்? இன்னும் ரெண்டு தடவை குடுக்கட்டுமா?" என்று கேட்டு அவள் மூச்சை இழுத்தாள்.

"வேணாம்மா!" என்று அச்சகமே கத்தியது. அவர் சிரித்துவிட்டார். அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி "வழக்கொழிந்தது" என்பதை அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். கீழே அவள் போட்டாள். மதியம் அது அப்படியே மெஷினில் ஏறியது.

சாயங்காலம், அச்சான தாள் ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அக்கா இடது கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தங்கை அலமாரியைத் திறந்து தகர டப்பாவை எடுத்ததைப் பார்த்ததும் அவள் முகம் கடுகடுத்தது.

"அந்த எழவை எதுக்குடி மறுபடி எடுக்கிற? நீ கூப்பிட்டேன்னு எனக்குத் தெரியும். அது போதாதா?"

"போதாதுக்கா."

அச்சுத் தாளை அக்காவின் முன்னால் விரித்து வைத்தாள். அக்கா மூன்றாவது பொருளை வாய்விட்டுப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு மடித்த துணிகளை ஓரமாகத் தள்ளி மேஜையில் இடம் பண்ணினாள்.

சிவப்பு மை அறிக்கையை எடுத்து வைத்தாள். "யாரையும் அழைக்காமல்" என்பதை அடித்தாள். "அழுதபடி நின்றார்" என்பதையும் அடித்தாள். அதற்கு மேலே, அச்சுக்கோர்ப்பவருக்குப் புரிகிற மாதிரி தெளிவாக, "அழைத்தார்" என்று எழுதினாள். இப்போது அந்த வரி "உரிய நேரத்தில் உதவிக்கு ஓலமிட்டு அழைத்தார்" என்று ஆயிற்று. ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

"ரெண்டு பேர் போடணும்" என்றாள்.

அக்கா பேனாவை இடது கையில் வாங்கினாள். கோணல்மாணலாக, காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி, தன் முழுப் பெயரையும் எழுதினாள்.