மண்கும்பானிலிருந்து கேட்ட கேள்வி

பிரியவதனிக்கு என்ன வேலை என்று மண்கும்பான் ஊரில் யாரைக் கேட்டாலும் "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவளுடைய தகப்பன் வல்லிபுரம் மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்வார்: "லண்டன்காரருக்கு யோசனை சொல்லுற வேலை." ஒரு காலத்தில் மாத்தறையில் கடை வைத்திருந்தவர் அவர். யோசனையை ஒரு சரக்காக விற்கலாம் என்பதை அவரால் இன்னமும் முழுதாக நம்ப முடியவில்லை. பின்னேரம் மகள் மடிக்கணினியை மூடும்போது, தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டே, "இண்டைக்கு என்னவாம் உம்மட ஆக்கள்?" என்று கேட்பார்.

உண்மையில் அவளுடைய வேலை யோசனை சொல்வதல்ல, கேட்பது. யாழ்ப்பாண நகரில் வங்கி ஒன்றுக்கு மேலே மூன்றாம் மாடியில் இயங்குகிற தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனம் அது. தலைமைக் கந்தோர் கொழும்பில். வெளிநாட்டில் ஒரு கொம்பனிக்குப் புது மென்பொருள் தேவைப்பட்டால், அங்கே வேலை செய்கிறவர்களோடு கதைத்து, இப்போது எப்படிச் செய்கிறார்கள், எங்கே சிக்குப்படுகிறார்கள் என்று அறிந்து, நிரல் எழுதும் பெடியங்களுக்கு விளங்கும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். இதைச் செய்ய அவளுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. தனியார் வகுப்பில் கணிதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலைக்கென்று சேர்ந்தாள். முதல் வருடம் ஆங்கிலக் கூட்டங்களில் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு இருந்தாள். ஒருநாள் வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்கு எல்லோரும் சுற்றி வளைத்துப் பதில் சொல்ல, அவள் ஒலிவாங்கியைத் திறந்து, "நீங்கள் கேட்டது எங்களுக்கு விளங்கவில்லை. இன்னொருக்கால் சொல்ல முடியுமா?" என்றாள். அதற்குப் பிறகு அவளைத்தான் கூட்டங்களில் முன்னுக்கு விட்டார்கள்.

கிழமையில் பாதி நாட்கள், தீவை நகரோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் கந்தோருக்குப் போவாள். மீதி நாட்கள் வீட்டு முன்னறையில் வேலை. கடற்காற்றுக் கூடினால் இணையம் விட்டு விட்டு வரும். அதற்காகக் கணவன் சதீசன் கூரை ஓரத்தில் ஒரு கம்பம் நட்டு ரவுட்டரைக் கட்டியிருந்தான். வேலணையில் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர் அவன். மனைவியின் வேலையைப் பற்றி அதிகம் கேட்கமாட்டான், ஆனால் கூட்டம் நடக்கிற நேரம் குசினியில் தேங்காய் துருவக்கூட விடமாட்டான்.

போன வருடம் அவளுக்குக் கிடைத்த வேலைத்திட்டம் இங்கிலாந்தில் பல முதியோர் இல்லங்கள் வைத்திருக்கும் ஒரு கொம்பனியுடையது. பராமரிப்பு வேலைக்காரரில் யாருக்கு எந்த நேர முறை, அதாவது எந்த ஷிப்ட், என்பதை இதுவரை மேற்பார்வையாளர்கள் ரெலிபோன் எடுத்துக் கேட்டு ஒழுங்குபடுத்தினார்கள். இனி மென்பொருள் தானாகச் செய்தி அனுப்பும். ஏற்றுக்கொண்டால் புள்ளி கூடும், மறுத்தால் குறையும். புள்ளி கூடியவர்களுக்கு நல்ல நேர முறைகள் முதலில் போகும். கொம்பனி கேட்டது அதைத்தான்.

வேலைக்காரரோடு நேர்காணல்கள் மத்தியானத்துக்குப் பிறகு நடந்தன. அந்தப் பக்கத்தில் ஹெலன் என்ற முகாமையாளரும் கூடவே இருப்பாள். நல்ல மனுசி, சிரித்துக் கதைப்பாள். ஆனால் அவள் திரையில் இருக்கும்வரை எல்லோருடைய பதிலும் ஒன்றுதான்: எல்லாம் நல்லம், பிரச்சினை ஒன்றுமில்லை, நன்றி.

நாகபூசணியும் அப்படித்தான் தொடங்கினாள். ஐம்பதைத் தாண்டிய பெண், நீலச் சீருடை, கண்ணுக்குக் கீழே கருமை. இரண்டு கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவள், திரையிலிருந்த பெயரை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கள் யாழ்ப்பாணமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஓம், மண்கும்பான்."

"நான் பக்கத்திலை நயினாதீவு, பிள்ளை." குரலே மாறிவிட்டது.

ஹெலன் சிரித்தாள். "ஊர்க்காரர்கள்! கதையுங்கள், நான் தேநீர் எடுத்துக்கொண்டு வருகிறேன்" என்று எழும்பிப் போனாள்.

நாகபூசணி கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு தமிழில் கெதியாகக் கதைத்தாள். "பிள்ளை, முந்தி போன் எடுத்தா, ஏலாது, இராமுழுக்க நிண்டு வந்தனான் எண்டு சொல்லலாம். விளங்கிக்கொள்ளுவினம். இந்தப் புதுசிலை அப்பிடிச் சொன்னா என்ர புள்ளி இறங்கும். எங்கட இல்லத்திலையும் வேறை சிலதிலையும் இதைக் கைபேசிச் செய்தியாலை பரீட்சார்த்தமா நடத்துகினம். இரா வேலை முடிச்சு வீட்டை போய்ப் படுத்த உடனை அடுத்ததுக்குச் செய்தி வருது. மறுக்கப் பயம், எல்லாத்தையும் எடுக்கிறன். போன மாதம் ஒரு கிழவருக்கு வேறை ஒருவற்ரை மருந்தைக் குடுக்கப் பார்த்தனான். வாயடிக்குக் கொண்டு போன பிறகுதான் கண்டனான்."

"இதை ஆருக்கும் சொன்னனீங்களோ, அக்கா?"

"ஆருக்குச் சொல்லுறது? நீரும் எழுதிப் போடாதையும். என்ர பேர் வந்தா நான் துலைஞ்சன்."

ஹெலன் கோப்பையோடு வந்து உட்கார்ந்தாள். "என்ன சொன்னா?" என்று ஆசையாய்க் கேட்டாள்.

பிரியவதனிக்குப் பொய் சொல்ல மனமில்லை. நாகபூசணியின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. "ஊரைப் பற்றிக் கதைத்தோம். வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொன்னா. மற்றவர்களையும் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்" என்றாள். ஹெலன் தலையாட்டினாள்.

அன்றைக்குத் தகப்பன் வழமைபோலக் கேட்டபோது அவள் "ஒண்டுமில்லை அப்பா" என்றாள்.

அடுத்தநாள் கந்தோரில் ஜதுர்சனிடம் போனாள். திட்ட முகாமையாளன், அவளிலும் வயது குறைவு, கொழும்புக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் இடிபடுகிறவன். பெயர் எதுவும் சொல்லாமல், வேலைக்காரர்களை முகாமையாளர் இல்லாமல் தனியாகச் சந்திக்க வேண்டும் என்றும், ஓய்வைப் பற்றி ஒரு விதி வேண்டும் என்றும் சொன்னாள்.

"அக்கா, ஓய்வு எங்கட வேலைக்குள்ளை வராது. அவை கேட்டது புள்ளி முறை."

"நாங்கள் ஆலோசனை சொல்லுற கொம்பனி தானே?"

"கேட்ட கேள்விக்குத்தான் ஆலோசனை. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லப் போனா கொழும்பிலை என்னைப் பிடிப்பினம்."

"அந்தப் புள்ளியாலை ஆரேனும் கிழவன் கிழவிக்கு ஏதும் நடந்தா, ஆர் எழுதிக் குடுத்தது எண்டு எங்களைத்தான் கேப்பினம், ஜதுர்சன்."

அவன் கொஞ்ச நேரம் கதிரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தான். "சரி, தனியக் கதையுங்கோ. ஆனா மற்ற வேலை பிந்தக்கூடாது."

ஹெலனிடம் கேட்டபோது அவள் உடனே சம்மதித்தது பிரியவதனிக்கு ஆச்சரியமாக இருந்தது. கேரளப் பெண்கள், பிலிப்பைன்ஸ்காரர், நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு பெரிய உருவமுள்ள மனிதர் என்று பலரோடு தனியாகக் கதைத்தாள். தமிழ் தெரியாதவர்களும் நாகபூசணி சொன்னதையே சொன்னார்கள், சிலர் சிரித்துக்கொண்டு, ஒருத்தி அழுதுகொண்டு. இனி யாருடைய வாயிலிருந்து வந்தது என்று எவராலும் பிரித்தெடுக்க ஏலாது. அந்த நிம்மதியோடுதான் அவள் எழுதத் தொடங்கினாள்.

திட்டத்தை விளக்கும் பெரிய கூட்டத்தில் இங்கிலாந்துக் கொம்பனியின் பணிப்பாளரும் இருந்தார். புள்ளி முறையை முழுதாக விளக்கி முடித்த பிறகு பிரியவதனி இன்னொன்றைச் சேர்த்தாள்: ஒரு நேர முறை வேலை முடிந்து போதிய ஓய்வு கிடைக்கும்வரை புதுச் செய்தி போகக்கூடாது, அந்த நேரத்தில் மறுத்தால் புள்ளி குறையக்கூடாது, ஏனென்றால் களைத்தவர்கள் மருந்து மாறிக் கொடுக்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள்.

"உங்களிடம் இதை யார் கேட்டது?" என்றார் பணிப்பாளர். கோபமாகச் சொல்லவில்லை, அறிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"யாரும் கேட்கவில்லை. கதைத்த எல்லோரும் சொன்னார்கள்."

கூட்டம் வேறு விடயத்துக்குப் போய்விட்டது. இரண்டு நாளில் கொழும்பிலிருந்து தகவல் வந்தது, அவளை அந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம் எழுதியிருக்கவில்லை. வேலைத்திட்டம் இல்லாதவர்களை நிறுவனத்தில் "பெஞ்சிலை இருக்கினம்" என்பார்கள். பெஞ்ச் எதுவும் கிடையாது, சம்பளமும் வரும், ஆனால் கூட்டத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். அப்படி இருந்தவர்களில் சிலர் பிறகு வேலையை விட்டுப் போனதை அவள் கண்டிருக்கிறாள்.

முதல் கிழமை இணையத்தில் ஏதோ பாடநெறி படித்தாள், ஒன்றும் மண்டைக்குள் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை சதீசன் அவளைப் பக்கத்தில் சாட்டி என்னும் கடற்கரைக்குக் கூட்டிப் போனான். நகரத்திலிருந்து வந்த குடும்பங்கள் தண்ணீருக்குள் நின்று கூத்தடித்தன. இருவரும் சவுக்கு நிழலில் இருந்தார்கள்.

"வேலை போனா என்ன செய்வீர்?" என்றான்.

"திரும்பவும் கணக்குப் படிப்பிக்கலாம்."

"அப்ப என்ன பயம்?"

"பயம் இல்லை. அந்த மனுசியைப் பற்றித்தான் யோசிக்கிறன். நான் சொன்னதாலை அவவுக்கு ஏதும் நடந்திருக்குமோ தெரியேல்லை. கேக்கவும் வழியில்லை."

சதீசன் கச்சான் கடலைப் பையை அவள் பக்கம் தள்ளி வைத்தான். அன்றைக்கு இருட்டுப்படுமுன் திரும்பி வந்தார்கள், அவளுக்கு மனம் கொஞ்சம் இலேசாகியிருந்தது.

மாரி தொடங்கிய பிறகு ஒருநாள் ஜதுர்சன் அவளுடைய மேசைக்கு வந்து நின்றான். "அக்கா, உங்கட ஓய்வு விதியை எடுத்திட்டினம்."

"வெட்டியாச்சோ?"

"இல்லை, ஏற்றுக்கொண்டிட்டினம். பாதி. ஓய்வு நேரத்திலை செய்தி போகாது. மற்ற நேரம் மறுத்தா புள்ளி குறையத்தான் செய்யும்."

எப்படி நடந்தது என்று அவள் கேட்டாள். ஹெலன் இளம் வயதில் தானே இரவு வேலை செய்தவளாம். மேலிடத்தில் போய் விடாப்பிடியாக நின்றிருக்கிறாள். "அறிக்கையிலை அந்தப் பக்கத்தை வெட்டச் சொல்லி எனக்கும் கொழும்பிலையிருந்து சொன்னவை. நான் மறந்து போனன்" என்றான் ஜதுர்சன், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. அவன் எதையும் மறக்கிறவன் அல்ல என்பது கந்தோர் முழுக்கத் தெரியும். அவள் அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

பயிற்சி கொடுக்கும் கட்டத்தில் ஹெலன் கேட்டுக்கொண்டதால் பிரியவதனியைத் திரும்பவும் சேர்த்தார்கள். ஒவ்வொரு இல்லமாகத் திரையில் வந்தது. நயினாதீவு அக்காவின் இல்லம் வந்தபோது அவள் முகங்களைத் தேடினாள். இல்லை. முடிவில், பொதுவாகக் கேட்பதுபோல, நாகபூசணி வரவில்லையா என்று கேட்டாள்.

"அவ விலகிவிட்டா" என்றாள் அங்கிருந்த ஒரு பெண். "மகளின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலையாம். இரவு வேலை இல்லை. போகிறபோது எல்லோருக்கும் வடை செய்துகொண்டு வந்தா."

நல்லது என்று பிரியவதனி சொன்னாள். அடுத்த பக்கத்தைத் திறந்து, ஓய்வு நேரம் திரையில் எந்த நிறத்தில் தெரியும் என்று விளக்கத் தொடங்கினாள். அந்த விதி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு இளம் பெடியன் மட்டும், இந்த நிறத்தில் இருக்கும்போது போனை அணைத்துவிட்டுப் படுக்கலாமா என்று கேட்டான்.

"படுக்கலாம்" என்றாள்.

வருட முடிவில் அவளுடைய மதிப்பீட்டில், வாடிக்கையாளரிடம் நம்பிக்கை பெற்றவர் என்றும், திட்ட எல்லைக்குள் நிற்கப் பழக வேண்டும் என்றும் அடுத்தடுத்து எழுதியிருந்தார்கள். அன்று பின்னேரம் வல்லிபுரம் கேட்டபோது இரண்டையும் வாசித்துக் காட்டினாள்.

"அப்ப நல்லமெண்டு சொல்லினமோ, கூடாதெண்டு சொல்லினமோ?"

"ரெண்டும்தான், அப்பா."

அவர் துவாயால் கையைத் துடைத்துக்கொண்டார். "கடையிலை நிண்ட எனக்கு ஒருத்தரும் இப்பிடி எழுதித் தரேல்லை" என்று சொல்லிவிட்டு, பயற்றங்கொடிக்குத் தண்ணீர் விடப் போனார்.